நியாமே: கரண்ட் இல்லாத நாட்கள்

2023 ஜூலை 27
இங்கே நைஜர் நாட்டுத் தலைநகர் நியாமேயில், அதிபர் பசூமைச் சொந்த மெய்க்காவல் படையே அடைத்து வைத்திருக்கிறது. இன்று ராணுவத் தலைமையும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. எல்லைகள் மூடல், இரவில் ஊரடங்கு. என் மனைவியின் இன்சுலின் செப்டம்பர் பாதி வரை வரும்.

ஜூலை 30
மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் ஒரு வாரம் கெடு வைத்திருக்கிறது. பசூமை மறுபடி பதவியில் அமர்த்தாவிட்டால் படை வரலாமாம். பிரெஞ்சுத் தூதரகத்தின் முன்னால் கூட்டம், கண்ணீர்ப்புகை.

ஆகஸ்ட் 2
கரண்ட் போய்விட்டது.

ஆகஸ்ட் 3
எக்கோவாஸ் தடையை ஒட்டி நைஜீரியா மின்சாரத்தை நிறுத்திவிட்டது. இந்த நாட்டுக்கு வரும் கரண்டில் சுமார் 70 சதவீதம் அங்கிருந்துதான். ஜெனரல்களின் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கும். பிரசவ ஆஸ்பத்திரிக்கும் மீன் விற்கிறவளுக்கும் எதற்கு இந்தத் தண்டனை? மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே நனைத்த துணி. உள்ளே இன்சுலின் பேனாக்கள். மழைக்காலம் வேறு, துணி உலரவே மாட்டேன் என்கிறது. உலர்ந்தால்தானே குளிரும். அடிக்கடி கையை விட்டுப் பார்க்கிறேன். "என்னங்க, சும்மா சும்மா திறக்காதீங்க" என்கிறாள்.

ஆகஸ்ட் 6
இன்றோடு கெடு முடிகிறது. ஸ்டேடியம் நிறைய ராணுவ ஆதரவாளர்கள். நைஜர் மீது கைவைத்தால் எங்கள் மீதும் போர்தான் என்று மாலியும் புர்க்கினா ஃபாசோவும் திங்கட்கிழமையே சொல்லிவிட்டன. ராத்திரி வான்வெளியையும் மூடிவிட்டார்கள். தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 10
பசூம் வீட்டிலும் கரண்ட் இல்லையாம். மனைவி, மகனோடு வெறும் அரிசியும் பாஸ்தாவும் சாப்பிடுகிறார் என்று செய்தி. தேர்தலில் ஜெயித்து வந்த மனிதர். மனசு ஆறவில்லை.

ஆகஸ்ட் 11
சீக்கிரம் கிளம்புங்கள் என்கிறது இந்திய அரசு. விமானம் இல்லை. தரைவழி போனால் புர்க்கினா எல்லை வரை ஆயுதக் குழுக்களின் பயம். சர்க்கரை ஏறி இறங்கும் உடம்போடு இவளை எப்படி அந்த ரோட்டில் கூட்டிப்போவது?

ஆகஸ்ட் 24
அரிசி இன்னும் ஏறிவிட்டது. எல்லைக்கு அந்தப்புறம், பெனின் நாட்டு மலான்வீலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

செப்டம்பர் 4
வான்வெளி திறந்தாயிற்று! டிக்கெட் விலை கேட்டுத் தலை சுற்றியது.

செப்டம்பர் 16
மாலி, புர்க்கினா, நைஜர் மூன்றும் இன்று லிப்டாகோ-கூர்மா சாசனத்தில் கையெழுத்து. ஒருவரைத் தாக்கினால் மூவரையும் தாக்கியதாம். எக்கோவாஸ் வைத்த கெடுதான் இவர்களை இவ்வளவு வேகமாக ஒட்டவைத்தது என்று நினைக்கிறேன். மிரட்டாமல் பேசியிருந்தால்?

சாயங்காலம் கொஞ்சநேரம் கரண்ட் வந்தது. கடைசி பேனாவைப் பிரித்தாயிற்று. டிக்கெட் ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை; காலையில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.