இரண்டு ரிஜிஸ்டர்கள்

ஒரு சமூகத் தொழில் அமைப்பில் 9 வருடம் வேலை பார்த்தேன். பகலில் பெண்கள் துணிப்பை தைப்பார்கள். மாலையில் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே கூடத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். கூலிக் கணக்கு, வகுப்பு வருகைப்பதிவு இரண்டும் என் பொறுப்பு.

ஆரம்பத்தில், ஒரு பிள்ளை வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டால், பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று பேசிக்கொள்வோம். வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்வோம். அந்தத் தாய்மார்களும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

ஒருமுறை தணிக்கைக்காக இரண்டு ரிஜிஸ்டரையும் ஒரே மேஜையில் விரித்து வைத்திருந்தேன். தேதிகளில் கண் போனது. கூலிப் பட்டுவாடா தள்ளிப்போன வாரங்களில்தான் வகுப்பில் ஆப்சென்ட் வரிசையாக விழுந்திருந்தது. அதிலும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகள்தான் அதிகம்.

பைகளை வாங்குகிறவர் பில் போட்டு 45 நாள், சில சமயம் 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார். அது வந்த பிறகுதான் நாங்கள் கூலி கொடுப்போம். அதுவரை வீட்டை ஓட்டக் கடன், கடனுக்கு வட்டி, வட்டியைக் கட்ட மூத்த பிள்ளை வேலைக்கு. வறுமையை ஒழிக்கத் தொடங்கிய அமைப்பே பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்தச் சிக்கலை வங்கதேசத்தில் 1970களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஃபசலே ஹசன் அபேத் 1972-ல் தொடங்கிய பிராக் அமைப்பு, மாணிக்கஞ்ச் பகுதிப் பெண்களுக்குப் பட்டு உற்பத்தி கற்றுக்கொடுத்தது. சரக்கை எடுத்த டாக்கா கடைக்காரர்கள் பணம் தர மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1978-ல் பிராக் தானே ‘ஆரோங்’ என்ற கடையைத் திறந்து, சரக்கு வந்த கையோடு பணம் கொடுத்தது. அப்புறம் 1985-ல் 22 ஓரறைப் பள்ளிகள் வந்தன. வகுப்பு நேரத்தைக்கூடப் பெற்றோரிடம் கேட்டுத்தான் வைத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, பிள்ளையின் படிப்பையும் தாயின் கூலியையும் அவர்கள் பிரித்துப் பார்க்காததுதான்.

சரக்கு வந்ததுமே கூலி கொடுப்பதைப் பற்றி எங்கள் கமிட்டியில் பேசியபோது பெரிய வாக்குவாதம். கையிருப்பு கரைந்து அமைப்பே மூழ்கிவிட்டால் யாருக்கு லாபம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில், புது மெஷின் வாங்க ஒதுக்கியிருந்த தொகையைச் சுழல்நிதியாக மாற்றினோம்; அதிலிருந்து கூலியைக் கொடுத்துவிட்டு, பில் பணம் வந்ததும் திரும்ப நிரப்பிக்கொள்வோம். அட்வான்ஸ் தர மறுத்த பெரிய ஆர்டர் ஒன்றையும் விட்டுவிட்டோம். சரக்கை எண்ணி வாங்கும் சனிக்கிழமையே கூலி என்றானது.

வருகைப்பதிவேட்டில் இடைவெளிகள் குறைந்தன. ஆனால் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. 13 வயதில் நின்றுபோன ஒரு பையனைத் தேடி மூன்று முறை போனேன். “வாராவாரம் காசு கையில வாங்கிப் பழகிட்டேன் சார்” என்றான். கூலியை நேரத்துக்குக் கொடுப்பதை இரண்டு வருடம் முன்னாடியே தொடங்கியிருந்தால் அவன் போயிருக்கமாட்டான் என்றே இன்றும் நம்புகிறேன்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கூலிச் சீட்டை வாசிக்கத் தெரிய வேண்டும் என்று நாலைந்து தாய்மார்கள் மாலை வகுப்பில் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவர்களில் ஒருவர் சீட்டை என் மேஜையில் வைத்து விரலால் காட்டினார். “சார், 84-ன்னு போட்டிருக்கீங்க. ஒரு கட்டுல 48, இன்னொண்ணுல 40. 88 வருதே?”

கட்டுகளைப் பிரித்து எண்ணினேன். 88. அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, மீதிக் காசையும் கொடுத்தேன். சீட்டை நாலாக மடித்து, பக்கத்தில் நின்ற மகளின் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.