கால் இழுத்துக்கொண்டது சரி, நாய்க்கு நினைவு இருக்கிறதா?

தலையில் அடிபட்ட நாயைப் பார்த்ததும் கை டார்ச்சைத்தான் தேடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூச்சு, ரத்த அழுத்தம், சர்க்கரை, இந்த மூன்றும் முதலில். சிஸ்டாலிக் (மேல்) ரத்த அழுத்தம் 90-க்குக் கீழேயோ, சர்க்கரை 60 மி.கி.க்குக் கீழேயோ இருந்தால், மூளையில் கீறல்கூட இல்லாத நாயும் துவண்டுதான் கிடக்கும். அந்த நேரத்தில் நினைவு நிலைக்குப் போடும் மதிப்பெண் மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது. அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். கதவு திறக்கும் சத்தத்துக்குக் காது அசைகிறதா, ஆள் நகர்ந்தால் கண் பின்தொடர்கிறதா? பிறகு வளர்ப்பவரை விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். அதன் பிறகு தொடுதல், கடைசியில்தான் வலி. சத்தத்துக்கே திரும்பும் நாயைக் கிள்ளிப் பார்க்க வேண்டியதில்லை. வலிக்கு மட்டும் அசைந்தால் அது ஸ்டூப்பர்; திரும்பத் திரும்ப வலி கொடுத்தும் அசைவில்லை என்றால் கோமா.

பெரும்பாலோர் ஏமாறுவது இந்த வலிச் சோதனையில்தான். ஹீமோஸ்டாட்டால் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் கிடுக்கி) விரல் எலும்பை அழுத்தினால் கால் வெடுக்கென்று உள்ளே போகும். உடனே ‘வலி தெரிகிறது’ என்று தாளில் ஏறிவிடும். காலை இழுப்பது தண்டுவடத்தின் வேலை. மூளைக்குச் செய்தி போகாவிட்டாலும் அது நடக்கும். பார்க்க வேண்டியது முகத்தை: தலை திரும்பியதா, முனகியதா, கடிக்க வந்ததா? கை காலில் இருந்தாலும் கண் முகத்தில் இருக்கட்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முதுகெலும்பு முறிந்த நாயின் பின்காலை எவ்வளவு அழுத்தினாலும் முகத்தில் சலனம் இருக்காது. அதைக் கோமா என்று எழுதிவிடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் மூக்குத் துவாரத்தின் உட்சுவரை ஃபோர்செப்ஸ் நுனியால் லேசாகத் தொடுங்கள். அந்த உணர்வு தண்டுவடத்தைத் தொடாமல் மூளைக்குப் போகிறது.

படுத்திருக்கும் வாகும் பேசும். நான்கு கால்களும் விறைத்து, தலை பின்னால் வளைந்து, நினைவும் இல்லை என்றால் மூளைத்தண்டு பாதிப்பு, நிலைமை மோசம். முன்கால் மட்டும் விறைத்து, நாய் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தால் சிறுமூளையிலோ தண்டுவடத்திலோ தேடுங்கள்.

கண்மணியை அறை வெளிச்சத்தைக் குறைத்து, பளிச்சென்ற டார்ச்சால் பாருங்கள். வலி மருந்தான ஃபென்டனில் போட்ட நாய்க்குக் கண்மணி சுருங்கியேதான் இருக்கும், அட்ரோபின் மருந்து அதை விரிக்கும். அதனால் மருந்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தலையை இடம் வலமாகத் திருப்பி விழி அசைவதைப் பார்க்கும் சோதனையைக் கழுத்து முறிவுச் சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது.

இதையெல்லாம், நினைவு நிலையை எண்ணால் அளக்கும் கிளாஸ்கோ அளவையின் நாய்களுக்கென மாற்றிய வடிவத்தில் போடுகிறோம். இயக்கம், மூளைத்தண்டு அனிச்சை (கண்மணி, விழி அசைவு), நினைவு என மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6, மொத்தம் 3 முதல் 18. தலைக்காயம் பட்ட 38 நாய்களை வைத்து 2001-இல் வெளியான ஆய்வில், மதிப்பெண் 8 என்றால் முதல் 48 மணி நேரத்தைத் தாண்ட ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் ஒற்றை எண்ணைப் பார்த்துக் கருணைக்கொலை பேசுவது அவசரம். வலிப்பு வந்து ஓய்ந்த கையோடு எடுத்த எண்ணை நம்பவே கூடாது.

தாளில் ‘12’ என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒன்றும் புரியாது. ‘2.10 மணி: இயக்கம் 4, மூளைத்தண்டு 5, நினைவு 3, ஃபென்டனில் ஓடுகிறது’ என்று எழுதுங்கள். முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே ஆள் பார்க்க வேண்டும். எண் இறங்க, நாடித்துடிப்பு குறைய, ரத்த அழுத்தம் ஏறினால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க மானிட்டால் மருந்து, கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், 15–20 நிமிடத்தில், ஃபில்டர் வைத்து. பாட்டிலில் படிகம் தெரிந்தால் சூடாக்கிக் கரைத்து, ஆறவிட்டுப் போடுங்கள். ரத்தம் எடுப்பது காலின் ரத்தக்குழாயில் மட்டும். கழுத்து ரத்தக்குழாயை அழுத்தினால் மூளை அழுத்தம் இன்னும் ஏறும். கழுத்துப் பட்டையையும் கழற்றிவிடுங்கள்.