அரக்கேரியா உச்சிப் பதியம்: மூன்றாவது தடவையில் வேர்

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற அரக்கேரியாவின் உச்சியில் போட்ட பதியத்தை 132-வது நாள் வெட்டி இறக்கியாச்சு. பாசிக்குள் நாலு வேர், அதில் இரண்டு கிளைவிட்டிருக்கிறது. இந்த மரத்தில் விண்பதியம் (தண்டில் வளையமாகப் பட்டை உரித்து, ஈரப் பாசி சுற்றிக் கட்டி, மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைப்பது) நடக்காது என்று சொல்கிற நர்சரிக்காரர்களுக்கு இது போதும்.

பக்கக் கிளையை நட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். வேர் பிடிக்கும், ஆனால் எத்தனை வருஷம் ஆனாலும் தரையோடு படுத்தபடி வளருமே தவிர நிமிராது. குச்சி கட்டினாலும் பிரயோசனம் இல்லை. நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் உச்சிக் கொழுந்துதான். அது ஒரு தண்டுக்கு ஒன்றுதான். அதனால்தான் ஒவ்வொரு தோல்வியும் வலிக்கிறது.

சித்திரையில் போட்டது முதல் பதியம். வளையம் 1 செ.மீ. அகலம்தான். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் மேல்பட்டையும் கீழ்பட்டையும் கைகோத்துக்கொண்டு காயமே ஆறிப்போயிருந்தது. ஆனிக் கடைசியில் அதே தண்டில் கொஞ்சம் மேலே தள்ளி இரண்டாவது. அது ஆடிக்காற்றில் வளையத்தோடு முறிந்து விழுந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நேராக வாங்கும் கோவை மொட்டைமாடியில், முட்டுக் கொடுக்காமல் பதியம் போட்டது சுத்த மடத்தனம். நர்சரியில் ஒரே பையில் இரண்டு கன்று வைத்து விற்கிற வழக்கத்தை எவ்வளவோ திட்டியாச்சு; இந்த முறை அந்த இரண்டாவது கன்றுதான் கைகொடுத்தது.

மூன்றாவது, ஐப்பசி முதல் வாரம். இடம்: மேலிருந்து இரண்டாவது கிளையடுக்குக்கு 4 செ.மீ. கீழே, பென்சில் கனத் தண்டு. ஊசியிலைகளைக் கிள்ளிவிட்டு 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டை உரித்து, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் படலத்தைக் கத்தி முதுகால் சொரசொரப்பு வரும்வரை சுரண்டியது. இதை விட்டால் சித்திரைக் கதைதான்.

அடுத்துதான் எல்லாரும் கோட்டை விடும் இடம்: பிசின். உரித்த இரண்டு நிமிஷத்தில் மேல்விளிம்பில் முத்து முத்தாகக் கசியும். அதன்மேல் வேரூக்கிப் பவுடரைத் தடவினால் பவுடர் பிசினில் ஒட்டுமே ஒழியப் பட்டையைத் தொடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடை, பத்து நிமிஷம் பொறு, மறுபடி துடை. நாலு தடவை துடைத்த பிறகுதான் கசிவு நின்றது. பிறகு விளிம்பை ஒரு மயிரிழை புதிதாகச் சீவி, வேரூக்கிப் பவுடரை (ஐ.பி.ஏ., அதாவது இண்டோல் பியூட்ரிக் அமிலம்) மேல் விளிம்பில் மட்டும் தடவினால் போதும். இலையில் சமைத்த சத்து கீழே இறங்க வழியில்லாமல் தேங்குவது அங்கேதான். வேரும் அங்கிருந்துதான் வரும்.

ஸ்பாக்னம் பாசி ராத்திரி முழுக்க ஊறியது, பிழிந்தால் சொட்டாத பதம், சாத்துக்குடி அளவு உருண்டை. பாசியைச் சுற்றிய உறையின் மேல்கட்டு இறுக்கமாக இருக்கணும். தளர்ந்தால் மழைத்தண்ணீர் தண்டு வழியே இறங்கிப் பாசி அழுகிவிடும். வெயில் படாமல் மேலே கறுப்புக் கவர். மூங்கில் தப்பையை மூன்று இடத்தில் கட்டியது: வளையத்துக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. பாசி வாங்கும்போது பையைப் பிரித்துப் பாருங்கள். ஆர்க்கிட் சாமான் கடையில் கிடைப்பது நீள இழை; விலை குறைந்த பையில் பாதி தேங்காய் நார்தான்.

38-ம் நாள் வெறும் முண்டு. 75-ல் வெள்ளைப் புள்ளி. 120-ல் 3 செ.மீ. வேர், நுனி பழுப்பு. அப்போதே வெட்டக் கை பரபரத்தது. ஆனால் ஒற்றை வேரோடு இறக்கினால் மேலே இருக்கும் இரண்டு அடுக்குக்கும் தண்ணீர் பத்தாது.

இப்போது 8 அங்குலத் தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒன்று, இலைமட்கு ஒன்று. பாசியைப் பிரிக்காமலே நட்டிருக்கிறது, 50 சதவீத நிழல்வலைக்குள். உரம் கிடையாது. தண்ணீர்தான் தலைவலி: உப்புப் போர்த்தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் ஊசி நுனி கருகும், கீழடுக்கு காயும், காய்ந்த அடுக்கு திரும்ப வராது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அரக்கேரியாவில் நார்ஃபோக் தீவு மரம் என்று விற்பதில் நிறைய, அதே இனத்தில் இன்னொரு வகையான நியூ கலிடோனியாவின் குக் பைன். கன்றில் பிரித்துச் சொல்வது கஷ்டம். 2017-ல் வந்த ஆய்வில் ஐந்து கண்டங்களில் 256 குக் பைன்களை அளந்தார்கள், சராசரியாக 8.55 டிகிரி, நிலநடுக்கோட்டுப் பக்கமாகவே சாய்ந்திருந்தன. கோட்டுக்குத் தூரம் கூடக்கூடச் சாய்வும் கூடும். ஆகவே கோவையில் லேசாகத் தெற்கே சாய்ந்தால் முட்டுக் கொடுத்து நிமிர்த்த மெனக்கெட வேண்டாம்.

ஆடியில் முறிந்த தண்டில் வெட்டுக்குக் கீழே மூன்று கொழுந்து, மூன்றும் செங்குத்து. இப்போது 10 செ.மீ. இருக்கும். நேரானதை விட்டுவிட்டு மற்ற இரண்டும் 15 செ.மீ. ஆனதும் வெட்டிக் குச்சியாக நட உத்தேசம், பதியமே வேண்டியிருக்காது. இறக்கிய உச்சியில் புதுத் துளிர் இன்னும் காணோம்.