ஒரு குதிரையும் 27 யூரோவும்: மிலான் அனுபவம்

மிலானில் சான் சீரோ பகுதியில் இருக்கும் பெரிய குதிரைச் சிலையைப் பார்க்கப் போனேன். முதலில் டாக்ஸி கதையைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. மழை தூறியதால் ஏறிவிட்டேன். 'சான் சீரோ' என்றதும் ஓட்டுநர் கால்பந்து மைதானத்தைத்தான் நினைத்தார். குதிரைப் படத்தைக் காட்டியும் மைதானத்தை ஒரு வலம் வந்து, அங்கேயே இறக்கிவிட்டு 27 யூரோ வாங்கிக்கொண்டார். மெட்ரோவில் வந்திருந்தால் 2.20 யூரோ. எம்5 தடத்தில் ஸ்டேஷன் பெயரே 'சான் சீரோ இப்போட்ரோமோ', அதாவது குதிரைப் பந்தய மைதானம்! அன்று மதியச் சாப்பாடு ஒரே ஒரு பன்சரோத்தோ. சோமாசி மாதிரி பொரித்தது, உள்ளே சீஸும் தக்காளியும். நாக்கு வெந்தாலும் பிரமாதம்.

சரி, குதிரை. பந்தய மைதானத்தில் 7 மீட்டருக்கு மேல் உயரமாக நிற்கிறது. பார்க்கக் காசு இல்லை. நினா அகாமு செய்த வெண்கலச் சிலை, 1999இல் வைத்தார்கள். ஆனால் கனவு லியோனார்டோ டா வின்சியுடையது. மிலானை ஆண்ட லுடோவிக்கோ ஸ்ஃபோர்ஸா தன் அப்பாவுக்காகக் கேட்ட சிலை. 1493இல் களிமண்ணில் மாதிரி உருவம் தயார். மறு வருஷமே வார்ப்புக்கு வைத்திருந்த வெண்கலம் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சு வில்லாளிகள் அந்தக் களிமண் குதிரை மேல் அம்பு விட்டுப் பழகினார்களாம். பாவி மனுஷர்கள்.

மிஞ்சியவை அந்தக் குதிரைக்காக லியோனார்டோ வரைந்த ஓவியத் தாள்கள். அவற்றில் பெரும்பகுதி இருப்பது இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில். அதனால் வெண்கலக் குளம்புக்கடியில் நின்று கைபேசியில் அவற்றைப் புரட்டினேன். நீலம் பூசிய தாளில் பென்சில் போல வெள்ளிக் கம்பி முனையால் இழுத்த கோடுகள். தப்பாக இழுத்தால் அழிக்க முடியாது, ஆனாலும் மார்புச் சதை மூச்சு விடுகிறது. இன்னொரு தாளில் ஒரு முன்னங்கால் மட்டும், காலெல்லாம் அளவுக் குறிப்புகள். பக்கத்தில் 'மெஸ்ஸர் கலியாட்ஸோவின் சிசிலியன்' என்று குதிரையின் பெயர், அதாவது கலியாட்ஸோ என்ற பிரபுவின் சிசிலிக் குதிரை. லாயத்தில் சாணி மிதித்துக்கொண்டு, உதை வாங்காமல் அளந்திருக்கிறார் மனுஷர்!

வெண்கலக் குதிரை கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது போட்டோவுக்கு நிற்கிறது. லியோனார்டோ முதலில் வரைந்தது, விழுந்து கிடக்கும் எதிரியின் மேல் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை. அவ்வளவு எடையை இரண்டு பின்னங்கால்களில் நிறுத்துவது பெரும்பாடு. பிறகு நடக்கும் குதிரைக்கு மாறிவிட்டார். எனக்கு அந்தக் கைவிட்ட குதிரைதான் பிடித்தது.

அப்புறம் அங்கேயே வின்ட்சர் டிக்கெட் விலையைத் தேடினேன். வெளிச்சத்தில் தாள் கெடும் என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைப்பதில்லை. விலையையும் பார்த்தேன், கைபேசியைப் பையில் போட்டேன். திரும்பும்போது மெட்ரோ.