தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் மழைக்காடு

வால்பாறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது அந்தத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிச்சமிருக்கும் மழைக்காட்டைப் பார்க்க. ஆழியாற்றிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழ்ச்சரிவு வறண்டு கிடக்கும். அங்கே பாறைமேல் நிற்கும் வரையாடுகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அட்டகட்டி தாண்டினால் காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது, மரங்கள் உயர்கின்றன, பாசி தண்டுகளில் தொற்றிக்கொள்கிறது. அப்புறம் திடீரென்று காடு முடிந்து, கண்ணுக்கெட்டும் தூரம்வரை தேயிலை.

இந்தப் பீடபூமி முழுக்க ஒரு காலத்தில் மழைக்காடு. 1890-களில் தொடங்கி காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காட்டை வெட்டினார்கள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் தோட்டம். அதற்குள் 40 துண்டுகள் அளவுக்குக் காடு தப்பியிருக்கிறது. சில துண்டுகள் நூறு ஹெக்டேரைத் தாண்டும், சிலவற்றைச் சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம். தேயிலையும் பச்சைதான், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே செடி, ஒரே உயரம், நிழலுக்குச் சில்வர் ஓக். கொஞ்ச நேரம் அங்கே நின்றால் எத்தனை பறவைக் குரல் காதில் விழுகிறது என்று எண்ணிவிடலாம். காட்டுத் துண்டுக்குள் காலை வைத்ததும் அந்தக் கணக்கு நின்றுபோகிறது.

உள்ளே அழைத்துப் போனவர் இந்த மலைகளின் பழங்குடிகளான காடர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மூத்தவர். ஆராய்ச்சியாளர்களோடு வருஷக்கணக்காக நடந்தவர். தோட்டத்தின் அனுமதியோடுதான் போனோம், ஏனென்றால் இந்தத் துண்டுகளில் பல தனியார் தோட்ட நிலத்தில் இருக்கின்றன. நல்ல வெயில் நேரம், ஆனாலும் உள்ளே அந்தி போல இருந்தது. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மழைக்காட்டின் தரையைத் தொடுகிறது. மற்றதெல்லாம் மேலே அடுக்கடுக்காக இருக்கும் இலைகளுக்குப் போய்விடுகிறது. அதனால் காட்டின் வாழ்க்கையில் பெரும்பகுதி நம் தலைக்கு மேலே, முப்பது மீட்டர் உயரத்தில் நடக்கிறது. கீழே நிற்கிற நமக்குக் கிடைப்பது விழுகிற பழமும், உதிர்கிற பூவும், குரலும்தான்.

முதலில் விழுந்தது வெடிப்பலாப் பூ. ஆனைமலையின் நடுத்தர உயரக் காடுகளில் அதிகம் தென்படும் மரம் இது. பூக்கள் கிளை நுனியில் வராமல் தடித்த கிளைகளின் மேலேயே கொத்துக் கொத்தாக வரும். வேறு பழங்கள் அருகிப்போகும் மாதங்களில் பூக்கும் என்பதால் சோலைமந்தி, கருமந்தி, மலை அணில், வௌவால் என்று பலவற்றின் பசியை இந்தப் பூவின் சதைப்பற்றான புல்லி இதழ் போக்குகிறது. தின்ன வருகிறவை மகரந்தத்தையும் சுமந்து போகின்றன, அதில் வௌவாலுக்குத்தான் முதல் இடம். காய்த்ததும் அதன் முள் ஓட்டை உடைத்து விதையைத் தின்ன சோலைமந்திகள் வரும்.

சோலைமந்தி என்று இங்கே சொல்வது சிங்கவால் குரங்கை. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெளுத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழவில்லை, இருப்பதும் சில ஆயிரம்தான். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்ந்த இனம். வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கத்துக் காட்டுத் துண்டில் நிலைமை வேறு. 100 ஹெக்டேருக்கும் குறைவான அந்தக் காட்டில் 100-க்கும் மேற்பட்ட சோலைமந்திகள் இருக்கின்றன. காட்டை ஒட்டியே சாலை. மரத்துக்கு மரம் தாவ முடியாத இடங்களில் அவை தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கின்றன, வண்டியில் அடிபட்டுச் சாகின்றன.

அதற்காகத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் குட்டியை வயிற்றில் ஒட்டியபடி அதில் நிதானமாகக் கடந்ததைப் பார்த்தேன். கீழே ஒரு காரிலிருந்து யாரோ தின்பண்டத்தை நீட்ட, பின்னால் வந்த இளசு ஒன்று பாலத்தை விட்டுவிட்டுத் தரைக்கு இறங்கியது. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் குறையவில்லை. அன்பு என்று நினைத்து நீட்டுகிற அந்தக் கை, குரங்கைச் சாலைக்குப் பழக்குகிறது. பாலம் கட்டியவர்களின் உழைப்பை ஒரு பொட்டலம் கெடுத்துவிடுகிறது.

பெரிய இருவாச்சி என்ற பறவையைப் பார்ப்பதற்கு முன் கேட்டுவிடலாம். அதன் சிறகில் பறக்கும் இறகுகளின் அடிப்பகுதியைக் கீழ்ப்புறம் மூடும் சிறு இறகுகள் இல்லாததால், ஒவ்வொரு அடிப்புக்கும் காற்று இடைவெளி வழியே இரைந்துகொண்டு போகும். நீராவி ரயில் மூச்சு விடுவது போல ஒரு சத்தம், பிறகு மரங்களுக்கு மேலே ஒன்றரை மீட்டர் அகலச் சிறகு. வயதான மரத்தின் பொந்தில்தான் கூடு. பெண் பறவை உள்ளே போய், எச்சமும் பழக்கழிவும் கொண்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது, அலகு நுழையும் அளவு கீறல் மட்டும் விட்டு. உள்ளே இருக்கும்போதே பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு ஆண் பறவை கொண்டுவந்து கொடுப்பதுதான், பெரும்பாலும் அத்திப்பழம். வெவ்வேறு அத்தி மரங்கள் வெவ்வேறு மாதங்களில் பழுப்பதால் காட்டில் எப்போதும் எங்காவது ஓர் அத்தி பழுத்திருக்கும். ஒவ்வொரு அத்தி வகைக்கும் மகரந்தம் சேர்க்க அதற்கென்றே ஒரு சின்னஞ்சிறு குளவி உண்டு. குளவி இல்லையென்றால் பழம் இல்லை, பழம் இல்லையென்றால் இருவாச்சி இல்லை.

“அண்ணா, இவ்வளவு பெரிய கொட்டையெல்லாம் யார் கொண்டு போவாங்க?” என்று தரையில் கிடந்த ஒரு விதையை எடுத்துக் கேட்டேன்.

“பெருசையெல்லாம் இருவாச்சி முழுங்கிட்டுப் போய் வேற எங்கேயோ துப்பும் சார். ராத்திரி மரநாய் பார்த்துக்கும். இவங்க ரெண்டு பேரும் வராத காட்டுல கொட்டை எல்லாம் தாய்மரத்துக் கீழேயே கிடக்கும். அங்கே எது மேலே வரும்?”

ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்த வழக்கம் காடர்களிடமும் இருந்தது. இன்று வாழச்சாலில் அதே மக்கள்தான் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள்.

மழைக்காடு ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கொட்டையிலிருந்துதான் தொடங்குவேன். பெரிய விதை போடும் மரங்களில் பல, மெதுவாக வளர்ந்து கனத்த கட்டையாக நிற்பவை. காற்றிலிருந்து எடுத்த கார்பனை அதிகம் சேர்த்து வைப்பவையும் அவையே. விதை சுமக்கும் பறவையும் விலங்கும் போய்விட்டால் காடு உடனே சாகாது, பார்ப்பதற்குப் பச்சையாகத்தான் இருக்கும். கிழ மரங்கள் விழ விழ, அந்த இடத்துக்கு வருபவை வேறு மரங்களாக இருக்கும். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில்தான் வெப்பமண்டல மழைக்காடு இருக்கிறது. நிலத்தில் வாழும் உயிரினங்களில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்குகின்றன. அமேசானாக இருந்தாலும் போர்னியோவாக இருந்தாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் காட்டை நடத்துகிறது.

தண்ணீர்க் கணக்கு நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. வால்பாறை அருகே சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மழையை மரங்களும் சருகும் வேரும் வாங்கி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. சோலையாறு, நீராறு வழியாக வரும் தண்ணீரில் ஒரு பகுதி சுரங்கக் கால்வாய்கள் வழியே கிழக்கே திரும்பி, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டமாகக் கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. பொள்ளாச்சித் தென்னை குடிப்பதில் இந்தக் காட்டின் பங்கு உண்டு.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பெரிய தெம்பு கொடுத்தது நாற்றங்கால். சூழலியல் ஆராய்ச்சியாளர்களான திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பின் வழியாக, தோட்ட நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, சிதைந்த துண்டுகளைச் சீரமைத்து வருகிறார்கள். வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியை வேரோடு எடுத்து, இந்த மண்ணுக்கே உரிய நூற்றுக்கு மேற்பட்ட மர வகைகளை விதையிலிருந்து வளர்த்து நடுகிறார்கள். சாலையோரம் சேகரித்த மரநாய் எச்சத்து விதைகூட அங்கே நாற்றாகிறது. ஆரம்ப காலத்தில் நட்ட இடங்களில் இன்று நிழல் விழுகிறது. பழைய காடு ஆக இன்னும் பல தலைமுறை ஆகும், சரி, ஆனால் தொடங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருவாச்சி கூடு கட்டும் காலம், வெடிப்பலா பூப்பதும் அப்போதே. ஜூனில் போனால் அட்டைக்குத் தயாராகப் போங்கள். தவளைகளின் சத்தத்துக்காக அந்தக் கடி தாங்கத் தகுந்தது. சாலையோரம் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள், இறங்காதீர்கள். இருவாச்சி கூடு இருக்கும் மரத்தின் அடியில் படம் எடுக்க நிற்காதீர்கள், நீங்கள் நிற்கும்வரை ஆண் பறவை பழத்தோடு தூரத்திலேயே காத்திருக்கும். புதுத்தோட்டத்தில் வண்டியை நன்றாகக் குறைத்து ஓட்டுங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு.