நரம்பு கிடைக்காத கைகள்

மார்ச் 4
ரத்தம் எடுக்க வந்து உட்காரும்போதே ஒரு அம்மா, "எனக்கு நரம்பே கிடைக்காதுப்பா, போன தடவை மாத்தி மாத்திக் குத்தினாங்க" என்றார். இப்படி முன்கூட்டியே சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். கடைசியில் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். இடது முழங்கை மடிப்பில், கட்டைவிரல் பக்கமாக என்றார். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. விரலை வைத்து அழுத்தினேன். மெத்தென்று அமுங்கி, விட்டதும் எழும்பியது. தசைநார் அப்படி எழும்பாது, விறைப்பாக நிற்கும். தமனி துடிக்கும். இந்த வேலைக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். ஒரே குத்தில் முடிந்தது.

மார்ச் 5
வெறும் வயிற்றில் வரச் சொன்னால் பலர் தண்ணீரைக்கூடத் தொடாமல் வருகிறார்கள். டாக்டர் தனியாகத் தடுக்காதவரை சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம். குடித்துவிட்டு வந்தால் நரம்பு நிரம்பி நிற்கும். இதைச் சீட்டிலேயே அச்சடித்தால் என்ன?

மார்ச் 9
ஏசி குளிரில் ஒரு பையனின் கை சில்லிட்டுப் போயிருந்தது. குளிரில் நரம்பு சுருங்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, கையைக் கீழே தொங்கப் போடச் சொன்னேன். மூன்று நான்கு நிமிடத்தில் புறங்கையில்கூட நீலக் கோடுகள் தெரிந்தன.

அவன் அதற்குள் கையை மூடி மூடித் திறக்க ஆரம்பித்தான். எல்லோரும் செய்வதுதான், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பரிசோதனையில் பொட்டாசியம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். லேசாக மூடி வைத்தாலே போதும். ரப்பர் பட்டையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகி இருக்கக் கூடாது. தேட நேரமாகிறதா, அவிழ்த்து, கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

மார்ச் 12
வயதான ஐயா ஒருவர். நரம்பு பளிச்சென்று தெரிகிறது, ஆனால் ஊசி பட்டதும் வழுக்கி ஓடுகிறது. தெரியும் நரம்பை நம்பி அவசரப்படக் கூடாது. குத்தும் இடத்துக்குக் கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியை (பிடித்துக்கொள்ள இறக்கை வைத்தது) போட்டேன். (வழக்கமான 21-ஐவிட இது மெல்லியது, எண் கூடக் கூட ஊசி சிறுக்கும்.) ரத்தத்தைத் தானாக இழுக்கும் வெற்றிடக் குழாய் உறிஞ்சும் வேகத்தில் இப்படிப்பட்ட நரம்பு அமுங்கி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அதனால் சிரிஞ்சில் மெதுவாக இழுத்தேன்.

மார்ச் 13
அகச்சிவப்பு ஒளியில் நரம்பு காட்டும் கருவியை முயன்று பார்த்தோம். தோல்மேல் அழகாக வரைபடம் விழுகிறது. எவ்வளவு ஆழம் என்பதை அது சொல்வதில்லை. அதற்கு மறுபடி விரல்தான்.

மார்ச் 17
மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கையில் குத்த வேண்டாம் என்று ஒரு அக்காவுக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். மிச்சமிருப்பது ஒரு கை, அதிலும் கீமோ (புற்றுநோய் மருந்து) ஏறி ஏறி நரம்புகள் கெட்டிப்பட்டுவிட்டன. இரண்டு தடவை முயன்றேன், வரவில்லை. எங்கள் கணக்கு அதோடு சரி. மூன்றாவதாக நான் குத்தமாட்டேன். சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் புறங்கையில், குழந்தைகளுக்கு வைத்திருக்கும் சின்னக் குழாயில் எடுத்தார். அந்தப் பரிசோதனைக்கு அவ்வளவு ரத்தமே போதும்.