மேடும் பள்ளமும்: ஒரு மூளை ஆய்வுக்குப் போய் வந்த அனுபவம்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொல்லி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அவனுக்கு 20 வயது. அவனுக்குக் குரல்கள் கேட்கும். மருந்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தூக்கம் கெட்ட நாட்களில் திரும்பி வரும். அவனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் ஒருநாள் கேட்டார்: "மூளையின் மடிப்புகளைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. நோய் உள்ளவர்கள், அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், குடும்பத்தில் இந்த நோயே இல்லாதவர்கள் என மூன்று தரப்பினரும் தேவை. நீங்கள் இருவரும் வருகிறீர்களா?" ஸ்கேன் கருவியின் குழாய்க்குள் படுக்க முடியாது என்று தம்பி மறுத்துவிட்டான். நான் சம்மதித்தேன்.

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஒரு வழக்கு நடக்கிறது. யாரால் வந்தது என்ற வழக்கு. அப்பா அடித்ததாலா, அம்மா செல்லம் கொடுத்ததாலா, தேர்வில் அவன் தோற்ற அன்று நான் சொன்ன ஒரு சொல்லாலா? மூளையின் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு "இதோ இதுதான்" என்று யாராவது காட்டிவிட்டால் எல்லாரும் விடுதலையாகிவிடுவோம் என்று நம்பினேன்.

ஒப்புதல் படிவம் பல பக்கங்கள் இருந்தது. நோய்க்குச் சம்பந்தமில்லாமல் கட்டி போன்ற ஏதாவது தற்செயலாகக் கண்ணில் பட்டால் உங்களுக்குச் சொல்லலாமா என்று ஒரு கேள்வி. அதற்கு 'ஆம்' போடவே எனக்கு வெகு நேரமானது. தனிநபருக்கு முடிவு எதுவும் தரப்பட மாட்டாது என்றும் ஒரு வரி இருந்தது. படித்தேன், மனதில் வாங்கவில்லை. பிறகு நீண்ட நேர்காணல். யாரும் இல்லாதபோது உங்களை யாராவது கூப்பிட்டதுபோல் இருந்திருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்திருக்கிறது, தூங்கப் போகும் நேரத்தில் இரண்டு மூன்று முறை. சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறிச் சொன்னேன். "பலருக்கும் உண்டு" என்று அவர் இயல்பாக எழுதிக்கொண்டார்.

ஸ்கேன் அறையில் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். காதுக்கு அடைப்பான், தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற ஒரு சட்டகம், கையில் ஒரு ரப்பர் பந்து. பந்தை அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, காந்தமும் ரேடியோ அலைகளும்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு யாரும் ஒருவரை முழுதாகத் தயார்படுத்திவிட முடியாது. மடிப்புகளைப் பதிவு செய்யும் படத்துக்கு மட்டும் சில நிமிடங்கள் அசையாமல் கிடக்க வேண்டும். எச்சில் விழுங்கவே தயங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கண்ணெதிரே இருந்த கண்ணாடியில் சொற்கள் தெரிந்தன. சில ஜோடி முழுதாக வரும்: 'இரவும் பகலும்'. சிலவற்றில் பாதிதான் வரும்: 'மேடும்' என்று நின்றுவிடும், மீதியை நானே மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கேள்வி: இரண்டாவது சொல்லைத் திரையில் பார்த்தீர்களா, நீங்களாக நினைத்துக்கொண்டீர்களா? மிக எளிது என்று நினைத்தேன். 'பள்ளமும்' என்ற சொல்லைத் திரையில் பார்த்தேன் என்று உறுதியாகப் பொத்தானை அழுத்தினேன். எழுத்தின் வடிவம்கூட நினைவில் இருந்தது. அது திரையில் வரவே இல்லை என்று, வெளியே எடுக்கும் முன்பே சொன்னார்கள். தம்பி "நீங்கள் யாருக்கும் கேட்கவில்லையா?" என்று கேட்ட நாட்களில், கொஞ்சம் கூர்ந்து யோசித்தால் அவனுக்கே தெரிந்துவிடாதா என்று நான் உள்ளுக்குள் கோபப்பட்டிருக்கிறேன். அந்தக் குழாய்க்குள் படுத்தபடியே அதற்காக அழுதேன்.

தன் மனதில் எழுந்ததையும் வெளியிலிருந்து வந்ததையும் பிரித்தறியும் இந்தத் திறனுக்கும் ஒரு மடிப்புக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர் விளக்கினார். நெற்றிக்குப் பின்னே, மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கத்தில், பாராசிங்குலேட் என்ற பள்ளம் இருக்கிறது. பிறப்புக்கு முன் கடைசியாக உருவாகும் மடிப்புகளில் ஒன்று. சிலருக்கு நீளமாக இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. நலமாக இருப்பவர்களிலும் அப்படித்தான். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2015-இல் 153 பேரின் படங்களை ஒப்பிட்டபோது, மனச்சிதைவு உள்ளவர்களில் இந்தப் பள்ளம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால், இல்லாத குரல் கேட்பது போன்ற பிரமை தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள்.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, யார் மீதும் தப்பில்லை. மூளையின் மடிப்பில் பெரும்பாலானவை கருவிலேயே விழுந்துவிடுகின்றன. முதல் பெரிய பள்ளம் நான்காம் மாதத்திலேயே தெரியத் தொடங்குமாம். கடைசி மூன்று மாதங்களில் வேகவேகமாக மடிகிறதாம்." அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் என் வயிற்றில்தான் கெட்டதா?" என்றார். ஏழாம் மாதத்தில் ஒருமுறை கால் தவறி விழுந்ததையும், காய்ச்சலுக்கு ஏதோ மாத்திரை போட்டதையும் கேட்கத் தொடங்கினார். பழியைத் துடைக்கப் போன நான், இன்னும் ஆழமான இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மறுநாளே ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து, என்ன சொல்வது என்று கேட்டேன். அவர் அம்மாவிடமே பேசினார். மூளையின் மேல்தோல் போன்ற புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். உள்ளே இருப்பதைவிட அது வேகமாக வளர்வதால் இடம் போதாமல் மடிகிறது என்றார். 22 வாரக் கருவின் மூளை வடிவில் ஜெல் செய்து திரவத்தில் போட்டபோது, வெளிப்படலம் ஊதி, உண்மையான மூளையைப் போன்ற மடிப்புகள் தாமாகவே விழுந்தன. 2016-இல் வெளிவந்த ஆய்வு அது. நோயோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகள் 287 என்று 2022-இல் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. உருவில் ஒன்றான இரட்டையரின் மூளைகளில்கூட மடிப்புகள் அச்சு அசலாக இருப்பதில்லை; அவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கு வராமல் போவது பாதிப் பேருக்காவது உண்டு. "ஒரு தடுக்கி விழுதலைப் பிடித்துக்கொண்டு இதை யாராலும் விளக்க முடியாது அம்மா" என்றார். அம்மா தெளிந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாம் மாதத்தைப் பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை.

இரண்டாம் முறை போனபோது, என் படத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். புறணியின் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் ஒளிந்திருப்பதால், கணினி அதைப் பலூன் போல ஊதிக் காட்டுகிறது. எனக்கு வருமா என்று கேட்டேன். உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு நூறில் ஒன்பது, பத்து. பொதுவாக நூறில் ஒன்று. என் மடிப்புகளைப் பார்த்து அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார் ஆய்வாளர். நோயின் விளிம்பில் இருந்த 79 பேரில் பின்னர் நோய் வந்த 16 பேரை மடிப்புகளின் வலைப்பின்னலைக் கொண்டு 80 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்த 2018 ஆய்வு ஒன்று உண்டு. அதை நடத்திய ஆய்வாளர்களில் மனநல மருத்துவர் லேனா பழனியப்பனும் ஒருவர் என்று கேட்டபோது, ஒரு தமிழ்ப் பெயரைக் கேட்ட மகிழ்ச்சி இருந்தது. ஆனால் பதினாறு பேர் மிகச் சிறிய எண்ணிக்கை; முன்பின் தெரியாத ஒருவர் வந்து படுத்தால் அந்தக் கணக்கு நிற்குமா என்பதைப் பெரிய குழுக்களில் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் என்னைப் போன்றவர்களை அழைக்கிறார்கள். மருத்துவமனையில் யாராவது உங்கள் மடிப்பைப் பார்த்து நோய் வரும், வராது என்று இன்று சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

என் மூளையின் படம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார்கள். தம்பி அதை வாங்கி, ஒரு பள்ளத்தின் மேல் விரலை மெல்ல ஓட்டினான். சொல் ஜோடிச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். "எத்தனை தப்பாகச் சொன்னாய் அக்கா?" என்றான். "பதினொன்று." "பார்த்தது போலவே இருந்ததா?" "எழுத்துகூடத் தெரிந்தது" என்றேன். அவன் படத்தை மடிக்காமல் மேசையில் வைத்தான். சற்றுக் கழித்துக் கேட்டான்:

"அந்தப் பந்தை எந்தக் கையில் கொடுப்பார்கள்? அழுத்தினால் உடனே வந்துவிடுவார்களா?"